பட்ஜி குஞ்சுக்கு ஒரு கால் பக்கவாட்டில் விரிஞ்சு கிடக்குது. 16 நாள் ஆச்சு, இப்போ டேப் போடலாமா?

மொட்டைமாடிக்கூண்டு (அம்பத்தூர்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊர்ல லவ் பேர்ட்ஸ்னு சொல்ற பட்ஜி ஜோடி, முதல் பேட்ச். 5 முட்டையில் 4 பொரிஞ்சது. குஞ்சுகளுக்கு இன்னைக்கு 20, 18, 16, 14 நாள். 16 நாள் குஞ்சுக்குத்தான் பிரச்சினை. பின்னாடியிருந்து பார்த்தா வலது கால் கடிகார முள் மூணு மணி காட்டுற மாதிரி நேரா வெளியே போகுது. இடது கால் சரியா இருக்கு. எழுந்து நிக்காம நெஞ்சைத் தரையில் தேய்ச்சு நீந்துற மாதிரி நகருது. வீக்கம் எதுவும் தெரியல. பாதத்தில் விரலை வச்சா ரெண்டு காலாலும் பிடிக்குது. தீனிப்பை நிறைஞ்சுதான் இருக்கு.

பெட்டி பிளைவுட், அடி தட்டை. மர இழைப்புச் சுருள் போட்டேன், தாய் ரெண்டே நாளில் எல்லாத்தையும் வெளியே தள்ளிடுச்சு, அப்புறம் போடல. தீனி தினை மட்டும், வாரத்துக்கு ஒரு தடவை கொத்தமல்லி. கணவாய் ஓடு தொங்குது, ஆனா தாய் அதைத் தொடுறதே இல்லை.

டேப் போடலாமா, இல்லை வளர வளர தானா சரியாகுமா? வீட்டில் இருக்கிற குழந்தைகளுக்கான கால்சியம் சிரப் ரெண்டு சொட்டு குஞ்சு வாயில் விடலாமா? 14 நாள் குஞ்சும் லேசா கால் அகட்டுற மாதிரி தோணுது.

தினைக்கதிர் (பெரம்பூர்) எழுதியது:

தானா சரியாகாது. நாள் ஆக ஆக விரிஞ்ச வாக்கிலேயே எலும்பு கெட்டிப்படும். பட்ஜி குஞ்சு 30–35 நாளில் பெட்டியை விட்டு வெளியே வந்துடும், அதுக்குள்ள வேலை முடியணும். 16 நாள்ங்கிறது தாமதம் இல்லை, ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடுற வயசும் இல்லை. இன்னைக்கே கட்டுங்க.

கட்டுறதுக்கு முன்னாடி இது வெறும் விரிஞ்ச கால்தானா, வேற எதாவதான்னு உறுதி பண்ணிக்கணும். விரலைப் பிடிக்குதுன்னு சொன்னது நல்ல சேதி, நரம்பு வேலை செய்யுது. பாதம் துணி மாதிரி தொங்கி, பிடியே இல்லைன்னா அது முதுகெலும்பு, நரம்பு சமாச்சாரம், டேப்பால் ஒண்ணும் ஆகாது. அடுத்து, குஞ்சை மல்லாத்திப் பிடிச்சு ரெண்டு தொடையையும் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்க. தோல் மெல்லிசு, உள்ளே எல்லாம் தெரியும். ஒரு இடத்தில் மட்டும் வீக்கமும் பச்சை நிறமும் தெரிஞ்சா எலும்பு முறிஞ்சிருக்கலாம். பறவைக்கு ரத்தம் கட்டினா ரெண்டு மூணு நாளில் பச்சையா மாறும், அதைப் பார்த்து அழுகிடுச்சுன்னு சிலர் பயப்படுவாங்க. முறிவுன்னு சந்தேகம் வந்தாலே டேப்பைத் தொடாதீங்க, எக்ஸ்ரே எடுக்கணும்.

மூணாவது சோதனை முக்கியம். விரிஞ்ச காலை ரெண்டு விரலால மெதுவா உடம்புக்கு அடியில் கொண்டு வாங்க. எதிர்ப்பு இல்லாம வந்துட்டா கட்டலாம். பாதி வழியில் தடுத்தாலோ, குஞ்சு கத்தினாலோ, இடுப்பு மூட்டு விலகியிருக்கலாம். பலம் கொடுத்து இழுக்கவே கூடாது.

இனி கட்டு. மெடிக்கலில் அரை இஞ்ச் மைக்ரோபோர் டேப் வாங்குங்க. பிளாஸ்டிக் டேப், செல்லோ டேப், பிளாஸ்திரி வேண்டாம், பிரிக்கும்போது தோலோட வரும். டேப்பை நீளவாக்கில் வெட்டி 4–5 மி.மீ. அகலத்தில் 8 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு எடுங்க. கட்டவேண்டிய இடத்தில்தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. வெளியே தெரியுற, பின்பக்கமா மடங்குற மூட்டு முழங்கால் இல்லை, அது கணுக்கால். முழங்கால் இறகுக்குள்ள உடம்போட ஒட்டியிருக்கும். டேப் சுத்தவேண்டியது அந்தக் கணுக்காலுக்குக் கீழே, பாதத்துக்கு மேலே இருக்கிற குச்சி மாதிரி பகுதியில். மூட்டு மேலேயே சுத்தினா மூட்டு மடங்காது, குஞ்சுக்கு உட்காரவும் முடியாது.

ஒருத்தர் பிடிச்சுக்கணும், ஒருத்தர் கட்டணும். தனியா முயற்சி பண்ணாதீங்க. பிடிக்கிறவர் குஞ்சின் முதுகைத் துணி விரிச்ச உள்ளங்கையில் வச்சுக்கணும், நெஞ்சை அமுக்கக் கூடாது. பறவை நெஞ்சைத் தூக்கி இறக்கித்தான் மூச்சு விடும், இறுக்கிப் பிடிச்சா கையிலேயே போயிடும். தீனி சாப்பிட்டு தீனிப்பை நிறைஞ்ச நேரம் வேண்டாம், பாதி காலியானதும் செய்யுங்க.

டேப் நடுப்பகுதியை முதல் காலுக்குப் பின்னால் வச்சு, ரெண்டு முனையையும் முன்னால் கொண்டு வந்து பசைப்பக்கம் பசைப்பக்கத்தோட ஒட்டுங்க. அப்படியே ரெண்டாவது கால் வரைக்கும் ஒரு பாலம் மாதிரி போகட்டும், அங்கே ஒவ்வொரு முனையையும் ஒரு பக்கமா விட்டுக் காலைச் சுத்தி ஒட்டிடுங்க. மேலேயிருந்து பார்த்தா நீட்டிப் பிடிச்ச எட்டு மாதிரி இருக்கும். நடுவில் பசை வெளியே தெரியக் கூடாது, தெரிஞ்சா சுருள், எச்சம் எல்லாம் ஒட்டும். வளையத்துக்கும் காலுக்கும் நடுவில் பல்குத்தும் குச்சி முனை நுழையுற இடைவெளி இருக்கணும். பாலத்தோட நீளம் இடுப்பு அகலம், இந்த வயசு பட்ஜிக்கு சுமார் ஒன்றேகால் செ.மீ. கால் நேராகணும்னு அதைவிட நெருக்கிக் கட்டினா குஞ்சு மூக்கு அடிபட முன்னால் விழும். அகலமா விட்டா கட்டினதுக்கு அர்த்தமே இல்லை.

கட்டின அரை மணி கழிச்சும், ரெண்டு மணி கழிச்சும், ராத்திரி படுக்கப்போறதுக்கு முன்னாடியும் விரல்களைப் பாருங்க. இளஞ்சிவப்பா, கதகதப்பா இருந்தா சரி. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கழட்டிப் புதுசா போடணும். இந்த வயசில் கால் பருமன் நாளுக்கு நாள் கூடும், நேத்து தளர்வா இருந்த வளையம் நாளைக்குக் கழுத்தை நெரிக்கிற கதைதான். கழட்டும்போது இழுக்காதீங்க, காது குடையுற பஞ்சில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டு டேப்பில் மட்டும் தடவினா பசை விட்டுடும். இறகில் எண்ணெய் படக் கூடாது.

கொளத்தூர்_ஜோடி எழுதியது:

தினைக்கதிர் சொன்ன கட்டு சரி. ஆனா அதே தட்டைப் பிளைவுட்டில் கொண்டுபோய்த் திரும்ப விட்டா, ஒருபக்கம் நேராக்கி மறுபக்கம் கோணலாக்குற வேலை. 14 நாள் குஞ்சும் அகட்டுதுன்னு நீங்க எழுதினதுதான் எனக்குக் கண்ணில் பட்டது. அதுக்கு இன்னும் டேப் தேவைப்படாது, தரை மாறினாலே போதும்.

எப்படி ஆகுதுன்னா, குஞ்சு காலை அடியில் கூட்டி உடம்பைத் தூக்கப் பார்க்கும். தரையில் பிடிப்பு இல்லைன்னா கால் வழுக்கி வெளியே போகும். மேலே தாய் உட்கார்ந்திருப்பாள், 35–40 கிராம். இடுப்பு தசை இன்னும் வலுக்காத குஞ்சுக்கு அது பெரிய பாரம். நாள் முழுக்க இதே நடந்தா கால் அந்தப் பக்கமே வளர்ந்துடும். பட்ஜி ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை போடுறதால 6 முட்டை பொரிஞ்சா மூத்ததுக்கும் கடைசிக்கும் பத்து நாள் வித்தியாசம் வரும். பெரியதுங்க சின்னதை மிதிக்கும், மூலைக்குத் தள்ளும்.

பெட்டியில் ஒரே ஒரு குஞ்சு மட்டும் இருந்தா இன்னும் மோசம், தாயின் முழுப் பாரமும் அது மேலதான். அப்போ பொரியாத முட்டையைத் தூக்கிப் போடாம ரெண்டை உள்ளேயே விட்டுவைக்கணும், இல்லைன்னா பிளாஸ்டிக் முட்டை வைக்கலாம். பாரத்தை அது தாங்கும். பொரியாத முட்டையைத் தினம் முகர்ந்து பாருங்க, நாத்தம் வந்தா உடனே எடுத்துடணும், வெயில் காலத்தில் வெடிக்கும்.

தரைக்கு வருவோம். தாய் சுருளைத் தள்ளுறது குணம், மாத்த முடியாது. மூணு வேலை செய்யலாம். பெட்டி அடியை ஆக்ஸா பிளேடால குறுக்கும் நெடுக்குமா 5 மி.மீ. இடைவெளியில் கீறி விடுங்க, சுருள் போனாலும் நகம் பிடிக்க இடம் இருக்கும். ஆசாரிக்கிட்ட சொல்லி, நடுவில் ஒன்றரை முதல் 2 செ.மீ. ஆழத்துக்குக் கிண்ணம் மாதிரி குடைஞ்ச மரப்பலகை ஒண்ணு அடியில் பொருத்துங்க. வாசலுக்கு உள்பக்கம் 5 செ.மீ. உயரத்தில் ஒரு தடுப்புப் பட்டி அடிச்சா பாதிச் சுருளாவது உள்ளேயே தங்கும். சுருள் 3–4 செ.மீ. கனத்துக்கு இருக்கணும். இழைப்புளியில் விழுற சுருள்தான் வேணும். ரம்பத்தூள் வேண்டாம், மூக்கில் ஏறும், ஈரமான குஞ்சு வாயில் ஒட்டும். பெயின்ட், வார்னிஷ் அடிச்ச மரத்துச் சுருளும் கூடாது.

தேங்காய் நார், கோணித் துண்டு, பழைய துண்டு எதையும் விரிக்காதீங்க. ஒரு நூல் விரலில் சுத்திக்கிட்டா ரெண்டு நாளில் ரத்த ஓட்டம் நின்னு விரல் கறுத்து விழுந்துடும். வழுக்காம இருக்கத்தான் போட்டேன்னு சொல்லுவோம், விரல் திரும்ப வராது.

மண்பானையில் இந்தப் பிரச்சினை குறைவுன்னு சொல்றது பாதி உண்மை. அடி வளைஞ்சிருக்கிறதால கால் தானா உள்ளே கூடும். ஆனா உள்பக்கம் வழவழன்னு தேய்ச்ச பானையில், சுருள் இல்லாம, வழுக்கல் பெட்டியைவிட ஒரு படி மேல. வாங்கும்போது உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்து சொரசொரப்பானதா எடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் பானை ஈரத்தை இழுத்துக்கும், சுருள் பூசணம் பிடிக்கும். மூணு நாளைக்கு ஒருமுறை மாத்தணும்.

வேளச்சேரி_காக்டெய்ல் எழுதியது:

சிரப்பைக் குஞ்சு வாயில் விடாதீங்க. முதல் காரணம், 16 நாள் குஞ்சுக்குச் சொட்டு சொட்டா வாயில் விட்டா மூச்சுக்குழலில் போகும். ரெண்டாவது, அந்தச் சிரப்பில் வைட்டமின் டி3-யும் சேர்ந்திருக்கும். அளவு மனுசக் குழந்தைக்கானது, குஞ்சோட எடை முப்பது கிராம் சுமார். கூடிப்போனா சிறுநீரகம் கெடும். பறவை டாக்டர் எடை பார்த்து அளவு எழுதிக்கொடுத்தா கொடுக்கலாம், நம்ம கணக்கில் வேண்டாம்.

ஆனா கால்சியம் இல்லாததும் இதில் ஒரு பங்காளிதான், அதைச் சரிசெய்யவேண்டியது தாய் வழியா. 100 கிராம் தினையில் கால்சியம் சுமார் 31 மி.கி., பாஸ்பரஸ் 290 மி.கி. இருக்கும். ஒண்ணுக்கு ஒன்பது. பறவைக்குக் கால்சியம்தான் பாஸ்பரஸைவிடக் கூடுதலா வேணும், இங்கே தலைகீழா இருக்கு. கேழ்வரகில் சுமார் 344 மி.கி. அதனால தினையோட கேழ்வரகை முளைகட்டி ஒரு டீஸ்பூன் தினம் வையுங்க. முருங்கைக்கீரை வாரம் மூணு நாள். பாலக்கில் இருக்கிற ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அதை நம்பாதீங்க.

கணவாய் ஓட்டைத் தொடலைன்னா தொங்கவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கத்தியால சுரண்டினா மாவு மாதிரி உதிரும், முளைகட்டின தானியத்தின் ஈரத்தில் தூவினா ஒட்டிக்கும். கடற்கரையில் ஒதுங்கினதை எடுத்திருந்தா மூணு நாள் நல்ல தண்ணியில் ஊறப்போட்டு, தினம் தண்ணி மாத்தி, கொதிக்கவச்சு, வெயிலில் காயவச்சுக் கொடுங்க. அப்படியே கொடுத்தா உப்பு அதிகம். வேகவச்ச முட்டையை ஓட்டோட நசுக்கியும் கொடுக்கலாம், பத்து நிமிஷம் வெந்திருக்கணும். சென்னை வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூண்டில் விடாதீங்க.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால்சியம் உடம்பில் சேர டி3 வேணும், அதுக்குப் புற ஊதா ஒளி தோலில் படணும். கண்ணாடி ஜன்னல் அதைத் தடுத்துடும். ஜன்னல் ஓரம் வெளிச்சமா இருக்கேன்னு நினைக்கிறது ஏமாற்றுதான். தாய் தகப்பன் இருக்கிற கூண்டுக்குக் காலையில் அரை மணி நேர நேரடி வெயில், பாதி கூண்டு நிழலில் இருக்கிற மாதிரி. குஞ்சுப் பெட்டியை வெயிலில் வைக்கக் கூடாது.

தினைக்கதிர் சொன்னதில் ஒண்ணு சேர்க்கணும். நாலு குஞ்சுக்குமே கால் வில் மாதிரி வளைஞ்சு, அலகு ரப்பர் மாதிரி அமுங்கினா அது விரிஞ்ச கால் இல்லை, எலும்பே இளகியிருக்கு. அதுக்கு டேப் போட்டா எலும்பு கட்டு இருக்கிற இடத்திலேயே வளையும், சமயத்தில் உடையும். நேரா டாக்டர்கிட்ட. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பறவைகளையும் கொண்டுபோகலாம், காலையிலேயே போயிடுங்க. அட்டைப்பெட்டியில் டிஷ்யூ விரிச்சு, நாலு ஓட்டை போட்டு, கூட ஒரு பாட்டில் வெதுவெதுப்பான தண்ணியைத் துணியில் சுத்தி வச்சுக் கொண்டுபோனா போதும்.

14 நாள் குஞ்சுக்கு டேப்புக்குப் பதிலா சட்னிக் கிண்ணம் போதும். அஞ்சாறு செ.மீ. வாய் இருக்கிற கிண்ணத்தில் டிஷ்யூவை வளையமா சுருட்டி அடைச்சு, குஞ்சு உட்கார்ந்தா ரெண்டு காலும் நெஞ்சுக்கு அடியில் வர்ற மாதிரி குழி பண்ணுங்க. பகலில் மணிக்கணக்கில் இதில் வச்சுட்டு, தீனி ஊட்ட மட்டும் தாய்கிட்ட விடலாம். இறகு முளைக்கிற குஞ்சுக்கு 29–30 டிகிரி வேணும், ஏசி ரூமில் வைக்காதீங்க.

கொளத்தூர்_ஜோடி எழுதியது:

கிண்ணத்தில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. தாயை விட்டு ஒரேயடியா நாலு மணி நேரம் பிரிச்சா சில தாய் திரும்ப ஊட்டாது. ஒண்ணரை மணி நேரம் கிண்ணம், பிறகு பெட்டி, தீனிப்பை நிறைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு மறுபடி கிண்ணம்னு வையுங்க. கிராம் தராசு இருந்தா தினம் காலையில் ஒரே நேரத்தில் எடை போடுங்க. ரெண்டு நாள் தொடர்ந்து எடை குறைஞ்சா கைத்தீனிக்கு மாறணும், கூழ் சூடு 39–41 டிகிரி. 43-ஐத் தாண்டினா தீனிப்பை வெந்துடும், கையில் தொட்டுப் பார்த்துச் சொல்லக் கூடாது, தெர்மாமீட்டர் வையுங்க.

மொட்டைமாடிக்கூண்டு எழுதியது:

டேப் போட்டாச்சு, பெட்டி அடியில் கீறி சுருளும் போட்டாச்சு. ரெண்டாம் நாள் காலையில் வலது பாதம் கொஞ்சம் ஊதா நிறமா, இடதைவிடத் தடிமனா தெரியுது. டேப்பின் ஒரு ஓரம் பிய்ஞ்சு நூல் மாதிரி சுருண்டிருக்கு, தாய் கடிச்சிருக்கும் போல. குஞ்சு நல்லா சாப்பிடுது.

தினைக்கதிர் எழுதியது:

இதைப் படிக்கிற நிமிஷமே கழட்டுங்க. தாய் கடிச்சு இழுக்கும்போது அந்தச் சுருண்ட ஓரம்தான் கயிறாகி இறுகியிருக்கு. எண்ணெய் தொட்டு பசையை இளக்கி, நடுப் பாலத்தை முதலில் வெட்டுங்க, கால் பக்கம் கத்தரிக்கோலைக் கொண்டுபோகாதீங்க. கழட்டின பிறகு பாதத்தை வெதுவெதுப்பான தண்ணியில் ரெண்டு நிமிஷம் வச்சுத் துடைச்சு விடுங்க. ஒரு மணி நேரத்தில் நிறம் இளஞ்சிவப்புக்குத் திரும்பணும். திரும்பலைன்னா, இல்லை விரல் சில்லுன்னு இருந்தா, இன்னைக்கே டாக்டர்.

நிறம் திரும்பினாலும் உடனே மறுகட்டு வேண்டாம். பாதி நாள் சட்னிக் கிண்ணம். சாயங்காலம் கட்டும்போது வளையம் வர்ற இடத்தில் மெல்லிசா ஒரு சுத்து காஸ் துணி வச்சு, அதுக்கு மேல டேப். முனை ஒட்டுற இடம் கால்களுக்கு நடுவில், கீழ்ப்பக்கமா வரட்டும், தாய் அலகுக்கு எட்டாது. அப்பவும் கடிச்சா பகலில் கிண்ணம், ராத்திரி மட்டும் கட்டுன்னு மாத்திக்கலாம். கொஞ்சம் மெதுவா சரியாகும், பரவாயில்லை.

மாம்பலம்_மைனா எழுதியது:

இதே தலைப்பிலேயே கேட்டுடறேன். சந்தையில் வாங்கின காக்டெய்ல் (தலையில் கொண்டை இருக்கிற கிளி), 45 நாள்னு சொன்னாங்க, ரெண்டு காலும் விரிஞ்சிருக்கு. டேப் போட்டா சரியாகுமா? இன்னொண்ணு, பக்கத்து வீட்டில் மரத்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சுக்கும் இதே மாதிரி இருக்கு.

வேளச்சேரி_காக்டெய்ல் எழுதியது:

45 நாளில் எலும்பு கெட்டியாயிடும். டேப் போட்டா கால் நேராகாது, இடுப்பு மூட்டில்தான் வலி ஏறும். எக்ஸ்ரே பார்த்துட்டு எலும்பை வெட்டித் திருப்பி வைக்கிற ஆபரேஷன் செய்யலாமான்னு டாக்டர்தான் சொல்லணும். அது எல்லாப் பறவைக்கும் ஏத்ததில்லை. ஆபரேஷன் இல்லாமலும் அது வாழும். கூண்டை மாத்துங்க: கம்பிக்குப் பதிலா 8–10 செ.மீ. அகலப் பலகைத் தட்டு, தரையிலிருந்து கை உயரத்துக்குள்ள, ஏற ஒரு சாய்வுப் பலகை. தீனி, தண்ணி தரை மட்டத்தில், தட்டையான தட்டில். நெஞ்சை வச்சே உட்கார்றதால நெஞ்செலும்பு மேல தோல் உரியும், வாரம் ஒரு தடவை இறகை ஊதிப் பாருங்க. அதை ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுக்காதீங்க. சந்தையில் அண்ணன் தங்கச்சியையே ஜோடின்னு விக்கிறது சகஜம், காரணம் பரம்பரையான்னு நமக்குத் தெரிய வழியில்லை.

பச்சைக்கிளி விஷயம் வேற. பட்ஜி, காக்டெய்ல் வெளிநாட்டு இனம், வளர்க்கலாம். பச்சைக்கிளி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருது, வீட்டில் வச்சு வளர்க்கிறதே குற்றம். கால் சரிபண்ணிட்டுப் பிறகு பார்க்கலாம்னு வைக்காம வனத்துறையிடம் கொடுக்கச் சொல்லுங்க.

மொட்டைமாடிக்கூண்டு எழுதியது:

ஒரு மணி நேரத்திலேயே நிறம் திரும்பிடுச்சு, நன்றி. காஸ் வச்சுக் கட்டி இன்னைக்கு ஏழாம் நாள், குஞ்சுக்கு 23 நாள். கழட்டிவிட்டுப் பார்த்தா மூணு மணி காட்டின கால் இப்போ அஞ்சு மணியில் இருக்கு, எழுந்து நிக்குது, ஆனா பத்து நிமிஷத்தில் களைச்சு மறுபடி லேசா வெளியே போகுது. சின்னது கிண்ணத்திலேயே சரியாயிடுச்சு. இன்னும் எத்தனை நாள்?

தினைக்கதிர் எழுதியது:

நாள் கணக்கு வேண்டாம், நேரக் கணக்கு வையுங்க. கழட்டி ஒரு மணி நேரம் சுருள் மேல நின்னும் கால் அடியிலேயே இருந்தா நிறுத்தலாம். இப்போதைக்கு இன்னும் மூணு நாலு நாள் போடுங்க, ஆனா பாலத்தை ஒண்ணரை செ.மீ. ஆக்குங்க, குஞ்சு வளர்ந்திருக்கு. தினம் ரெண்டு தடவை கழட்டி கால் மணி நேரம் சும்மா விடுங்க, தசை வலுக்கும். அந்த நேரத்தில் உங்க ஆள்காட்டி விரலைப் பாதத்துக்கு அடியில் கொடுத்து லேசா மேலே தூக்கினா தானா பிடிச்சு உந்தும், பத்துப் பதினஞ்சு தடவை.

டேப் கழண்ட பிறகு கூண்டில் ஒரே பருமன் பிளாஸ்டிக் கம்பி மட்டும் வைக்காதீங்க. கொய்யா, வேப்பங்கிளை, விரல் பருமனும் கட்டைவிரல் பருமனுமா, பட்டையோட. அடுத்த பேட்ச்சுக்குப் பெட்டி மாட்டுறதுக்கு முன்னாடி தாய்க்குக் குறைஞ்சது ரெண்டு மூணு மாசம் ஓய்வு கொடுங்க, அதுவரை பெட்டியைக் கழட்டியே வையுங்க. தரை, தீனி எல்லாம் மாத்தின பிறகும் இதே ஜோடிக்கு மறுபடி கால் விரிஞ்ச குஞ்சு வந்தா அந்த ஜோடியைப் பிரிச்சுடுங்க.